கற்றோர் கடன்
பரடேயின் மெழுகுதிரியும் கிறீனின் தமிழ் மருத்துவமும்

கற்றவர் பலர், கற்றதைப் பிறர்க்கு விளங்க உரைப்பவர் சிலரே. கற்றும் அதனை விரித்துரைக்க மாட்டாதாரை மணமற்ற மலர்க்கொத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அவ்வுவமை எக்காலத்திலும் பொருந்துவதே ஆயினும், நம் காலத்தில் அதன் பொருள் இன்னும் ஆழமாகின்றது. நாம் குடிக்கும் நீர், உண்ணும் மருந்து, வயலிலிடும் உரம், வீட்டில் எரியும் மின்விளக்கு ஆகிய யாவும் இன்று நுண்ணிய கலைகளின் வழிப்பட்டவை. அக்கலைகளை அறிந்தவர் ஒரு சிலர். அவற்றால் வாழ்பவரும் கெடுபவரும் அனைவரும். அறிந்த சிலர்க்கும் அறியாத பலர்க்கும் இடையே பாலம் இல்லையாயின் என்ன நேரும்? அறிஞர் சொல்லை மக்கள் கண்ணை மூடி நம்புவர். அல்லது கண்ணை மூடி மறுப்பர். இரண்டும் தீங்கே.

இப்பாலத்தை அமைக்க முயன்றோர் வரலாறு நீண்டது. 1610 ஆம் ஆண்டில் தொலைநோக்காடி வாயிலாகத் தாம் கண்டவற்றை இலத்தீன் மொழியில் எழுதிய கலிலியோ, 1632 இல் உலக அமைப்பைப் பற்றிய தமது பெருநூலை நாட்டு மக்கள் பேசிய இத்தாலிய மொழியிலே எழுதினார். பண்டிதர்க்கு மட்டுமன்றி, எழுத்தறிந்த எவர்க்கும் அது எட்ட வேண்டுமென்பது அவர் கருத்து. அவ்வரலாறு முழுவதையும் ஈண்டு விரித்தல் இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த இருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒருவர் இலண்டன் மாநகரில் வாழ்ந்த மைக்கேல் பரடே. மற்றவர் நமது யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வாழ்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன். ஒருவர் விஞ்ஞானி, மற்றவர் வைத்தியர். ஒருவரையொருவர் கண்டவரல்லர். எனினும் 1848 என்னும் ஒரே ஆண்டு இருவர் வாழ்விலும் குறிப்பிடத்தக்கதாய் அமைந்தது.

ஒரு சொற்பொழிவு பெற்ற பிள்ளைகள்

பரடே 1791 ஆம் ஆண்டு செப்டெம்பர் 22 ஆந் திகதி ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். எழுதவும் வாசிக்கவும் சிறிது கணக்கும் கற்றதே அவர் பெற்ற பள்ளிக் கல்வி. பதினான்கு வயதில் ஒரு புத்தகங் கட்டுபவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவர் கட்டியதோடு நில்லாது வாசிக்கவுந் தொடங்கினார். அவற்றுள் ஒன்று அவருடைய வாழ்வையே மாற்றியது. அது ஜேன் மார்செட் என்னும் பெண்மணி இரசாயனத்தைப் பற்றி உரையாடல் வடிவில் எழுதி, 1806 ஆம் ஆண்டைப் பதிப்பாண்டாகத் தாங்கி, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த நூல்.

அந்நூல் பிறந்த கதையை நம் இளைஞர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். இலண்டனில் 1799 இல் நிறுவப்பட்ட றோயல் இன்ஸ்டிடியூசன் என்னும் கழகத்தில் ஹம்பிரி டேவி என்ற இரசாயன அறிஞர் பொதுமக்களுக்குச் சொற்பொழிவுகள் செய்துவந்தார். அவற்றைக் கேட்கச் சென்ற மார்செட் அம்மையாருக்கு முதலில் அவை நன்கு விளங்கவில்லை. பின்னர் நண்பரொருவரோடு உரையாடியும், பரிசோதனைகளைத் தாமே செய்து பார்த்தும் விளங்கிக்கொண்டார். தாம் விளங்கிக்கொண்ட அதே வழியிற் பிறரும் விளங்கிக்கொள்ளட்டும் என்று, ஓர் ஆசிரியையும் இரு மாணவியரும் உரையாடுவதாக அந்நூலை எழுதினார். பெண்களுக்கென எழுதப்பட்ட அந்நூல் ஒரு புத்தகங் கட்டும் பையனின் கைக்கு எட்டியது.

1812 இல், கடைக்கு வந்துபோன ஒருவர் கொடுத்த நுழைவுச் சீட்டோடு பரடே டேவியின் சொற்பொழிவுகள் நான்கினைக் கேட்டார். கேட்டவற்றைப் படங்களோடு விரிவாக எழுதி, தம் கையாலேயே அழகாகக் கட்டி, டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சு மாதத்தில் அக்கழகத்திலேயே உதவியாளர் பதவி கிடைத்தது. வாரத்துக்கு இருபத்தைந்து சிலிங் சம்பளம். தங்குவதற்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். 1831 இல் அவரே காந்தத்தின் அசைவினால் மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும் விதியைக் கண்டறிந்தார். இன்று நீர்வீழ்ச்சியாலும் நிலக்கரியாலும் காற்றாலும் மின்சாரம் பிறப்பிக்கும் பொறிகள் யாவும் அவ்விதியின் வழியே இயங்குகின்றன.

டேவி மேடையிற் பேசினார். மார்செட் அதனை நூலாக்கினார். அந்நூல் பரடேயை ஆக்கிற்று. அறிஞர் தம் கலையைப் பொதுமக்களுக்கு விளக்குதல் நேரத்தை வீணாக்குவதென எண்ணுவோர் இன்றும் உளர். அவர் இச்சங்கிலியை எண்ணிப் பார்க்கட்டும். இதில் ஒரு கண்ணி அறுந்திருப்பினும், கொல்லர் மகன் புத்தகங் கட்டியே காலங் கழித்திருத்தல் கூடும்.

மெழுகுதிரி சொன்ன பாடம்

தாம் பெற்ற கடனைப் பரடே மறக்கவில்லை. 1825 ஆம் ஆண்டளவில் அக்கழகத்தில் வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளும், நத்தார் விடுமுறையிற் சிறுவர்க்கான சொற்பொழிவுகளும் தொடங்கின. சிறுவர்க்கான தொடர்களைப் பரடே தாமே பத்தொன்பது முறை நடத்தினார். அவற்றுட் பெரும்புகழ் பெற்றது மெழுகுதிரியைப் பற்றியது. 1848 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் முதன்முறையும், 1860 இறுதியில் மறுமுறையும் அதனை நிகழ்த்தினார். ஆறு சொற்பொழிவுகள் கொண்ட அத்தொடர் 1861 இல் நூலாக வெளிவந்து, பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது.

உலகம் போற்றிய விஞ்ஞானி, பிள்ளைகளின் முன்னே மின்சாரப் பொறி எதனையும் முதலிற் கொண்டுவரவில்லை. எல்லார் வீட்டிலும் உள்ள மெழுகுதிரியைக் கையிலெடுத்தார். 1782 இற் கடலில் மூழ்கிய றோயல் ஜோர்ஜ் என்னும் போர்க்கப்பலிலிருந்து மீட்கப்பட்ட மெழுகுதிரி ஒன்றையும் காட்டி, இத்தனை காலம் உப்பு நீரிற் கிடந்தும் அது எரிகின்றதே என்று கொளுத்திக் காட்டினார். அதன்பின் வினாக்கள் எழுந்தன.

மெழுகுதிரி எரியும்போது அதன் உச்சியிற் கிண்ணம் போன்ற ஒரு குழி உண்டாகின்றது. நடுவில் மெழுகு உருகி நிற்க, விளிம்பு மாத்திரம் உருகாதிருப்பது ஏன்? சுடரால் வெப்பமடைந்த காற்று மேலெழுகின்றது. அவ்விடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று மெழுகின் பக்கங்களைத் தழுவிக்கொண்டு ஏறுகின்றது. அக்குளிர்ச்சியால் விளிம்பு இறுகி நிற்கின்றது. உருகிய மெழுகு மேலேயுள்ள சுடரை அடைவது எவ்வாறு? துவாயின் ஒரு நுனி நீரிற் பட்டால் நீர் அதன் இழைகளினூடே ஏறி முழுவதையும் நனைப்பது போலவே, மெழுகும் திரியின் இழைகளினூடே ஏறுகின்றது. நமது குத்துவிளக்கில் எண்ணெய் திரியில் ஏறுவதும் இவ்விதியாலேயே.

சுடரின் நடுவே கருமையாய்த் தோன்றும் பகுதிக்குள் ஒரு வளைந்த கண்ணாடிக் குழாயைச் செலுத்தினால் ஓர் ஆவி அதன் வழியே வெளிவரும். குழாயின் மறுநுனியில் நெருப்பு வைத்தால் அங்கேயும் ஒரு சுடர் தோன்றும். எரிவது மெழுகின் ஆவியே என்பது இதனாற் புலப்படுகின்றது. சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரத்தைப் பிடித்தால் அதன் அடியில் நீர்த்துளிகள் அரும்பும். நெருப்பிலிருந்து நீரா என்று பிள்ளைகள் வியப்பர். மெழுகிலுள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடுவதால் நீர் பிறக்கின்றது. மெழுகிலுள்ள காபன் ஒட்சிசனோடு கூடுவதாற் பிறக்கும் காபனீரொட்சைட்டு வாயு, தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் வெளுக்கச் செய்யும்.

இறுதியாகப் பரடே அதே சுண்ணாம்பு நீரினுள் மனிதரின் மூச்சுக் காற்றைச் செலுத்திக் காட்டினார். அதுவும் வெளுத்தது. அப்படியாயின், மெழுகுதிரிக்குள் நிகழ்வதும் நம் உடலுக்குள் நிகழ்வதும் ஒரு தன்மையனவே. மெழுகுதிரி மெழுகை உண்டு ஒளி விடுகின்றது. நாம் சோற்றை உண்டு உடற்சூடு பெறுகின்றோம். ஒரு மெழுகுதிரியிற் தொடங்கிய பாடம் மனித உயிர்ப்பில் வந்து முடிந்தது.

இங்கே ஒன்றைக் குறித்தல் வேண்டும். எளிமையாகச் சொல்வதென்பது பொருளைக் குறைத்துச் சொல்வதன்று. இரசாயனத்தின் உண்மைகளிற் பரடே எதனையும் மறைக்கவில்லை. கேட்போர் நிற்கும் இடத்திலிருந்து அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். அதற்காக அவர் பட்ட பாடும் பெரிது. பேச்சுக்கலையைப் பணங் கொடுத்துக் கற்றார். விரைந்து பேசினால் “மெதுவாக” என்றும், நேரமாகிவிட்டால் “நேரம்” என்றும் எழுதிய அட்டைகளைத் தம் முன்னே வைக்குமாறு ஏற்பாடு செய்திருந்தார். இயல்பாக வந்த சொல்வன்மை என்று உலகம் எண்ணியது, பயிற்சியால் வந்தது.

மேடையை விட்டு இறங்கிய விஞ்ஞானி

மக்கள் ஏமாறும் இடத்திலும், மக்களுக்குத் தீங்கு நேரும் இடத்திலும் அறிஞன் வாய்திறத்தல் வேண்டுமென்பதையும் பரடேயின் வாழ்வு காட்டுகின்றது. 1853 இல் இலண்டனில் ஒரு மேசையைச் சுற்றியிருந்து அதன்மேற் கை வைத்தால் ஆவிகளின் வலியால் அது தானே சுழலும் என்ற நம்பிக்கை பரவியிருந்தது. பரடே நம்பியவர்களை எள்ளி நகையாடவில்லை. கைக்கும் மேசைக்கும் இடையே அட்டைகளை அடுக்கி, மெல்லிய பசையால் இணைத்து, ஒரு நெம்புகோலையும் பொருத்தினார். முதலில் அசைவது கையா, மேசையா என்பதை அது காட்டியது. அசைந்தது கையே. வேண்டுமென்று தள்ளாதவரும் தம்மையறியாமல் தள்ளினர் என்பது வெளிப்பட்டது. அதனைப் பத்திரிகை வாயிலாக நாடறியச் செய்தார்.

1855 ஆடி மாதத்தில் தேம்ஸ் நதியிற் படகிற் சென்றபோது, நீர் முழுவதும் கழிவாற் கலங்கி நாறுவதைக் கண்டார். வெள்ளை அட்டைத் துண்டுகளை நனைத்து நீரில் இட்டார். அவை ஓர் அங்குலம் அமிழுமுன்னரே கண்ணுக்கு மறைந்தன. இதனை அவ்வாறே எழுதி ரைம்ஸ் பத்திரிகைக்கு அனுப்பினார். அதில் அரிய கலைச்சொல் எதுவுமில்லை. எந்தக் குடிமகனும் தானே செய்து பார்க்கக்கூடிய சோதனை. 1858 கோடையில் நதியின் நாற்றம் பாராளுமன்றத்தையே திணறச் செய்தது. அதன் பின்னரே பெருங் கழிவுநீர்க் கால்வாய்கள் அமைக்கும் வேலை தொடங்கிற்று. அறிஞன் உரைத்ததை அரசு கேட்க மூன்று ஆண்டும் ஒரு பெருநாற்றமும் வேண்டியிருந்தன.

மானிப்பாயில் ஒரு வைத்தியர்

இனி, நம் மண்ணுக்கு வருவோம். கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் நகரை அடுத்துப் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845 இற் பட்டம் பெற்றார். அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, 1848 இல் மானிப்பாயில் அமர்ந்து, அவ்வாண்டிலேயே நம் இளைஞர் சிலருக்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். அங்கே இலண்டனிற் பரடே மெழுகுதிரியைக் கையிலெடுத்த ஆண்டும் அதுவே.

அவர் வந்த நோக்கம் சமயஞ் சார்ந்தது. அந்நோக்கத்தை நம் முன்னோர் பலர் எதிர்த்தனர். நாமும் அதனை ஏற்பவரல்லேம். ஆயினும் ஒருவர் செய்த நற்பணியை நற்பணியென்று கூறுதல் நம் பண்பாடு.

பரடே தம் மக்களுக்குத் தம் தாய்மொழியிற் பேசினார். கிறீன் முதலிற் கற்பித்தது ஆங்கிலத்தில். அதன் விளைவு யாது? ஆங்கிலத்திற் பயின்ற வைத்தியர் ஊரில் நிற்காது, கூடிய சம்பளங் கிடைக்கும் அரசாங்க உத்தியோகங்களை நாடி வெளியிடங்களுக்குச் சென்றனர். கிராமத்து நோயாளி இருந்த இடத்திலேயே இருந்தான். இதனைக் கண்ட கிறீன், தமிழிலே கற்றவர் தம் ஊரிலே தங்கித் தம்மவர்க்குத் தொண்டு செய்வர் என்ற முடிவுக்கு வந்தார். 1857 இல் தாயகம் சென்று 1862 இல் மீண்டு வந்த அவர், 1864 ஆம் ஆண்டளவில் மருத்துவக் கல்வியைத் தமிழுக்கு மாற்றினார்.

நூலின்றிக் கற்பித்தல் எவ்வாறு? தாமே தமிழை நன்கு கற்று, தம் மாணாக்கரையுந் துணைக்கொண்டு நூல்களை ஆக்கினார். மகப்பேற்றைப் பற்றிய ‘பிரசவ வைத்தியம்’ 1857 இலேயே வெளிவந்துவிட்டது. அறுவை மருத்துவத்தைப் பற்றிய ‘இரணவைத்தியம்’ 1867 இலும், உடலமைப்பைக் கூறும் ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ ஆகியவை 1872 இலும், இரசாயனத்தைக் கூறும் ‘கெமிஸ்தம்’ 1875 இலும் வந்தன. இவற்றுள் ‘மனுஷ அங்காதிபாதம்’ கிறே என்பார் எழுதிய உடற்கூற்று நூலைத் தழுவியது. அம்மூலநூல் இலண்டனில் முதன்முதல் வெளியானது 1858 இல். பதினான்கே ஆண்டுகளில் அது நம் மொழியில் நம் இளைஞர் கைக்கு வந்துவிட்டது! தமிழில் விஞ்ஞானங் கூற இயலுமா என்று ஐயுறுவோர்க்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ?

அந்நூற்பெயர்களை உற்று நோக்கினாற் கிறீனின் முறையும் விளங்கும். ‘இரணவைத்தியம்’ நம் நாட்டு வைத்தியரிடை முன்னரே வழங்கிய சொல். மக்களிடம் உள்ள சொல்லை முதலிற் கொண்டார். அது கிடையாவிடத்து வடசொல்லை நாடினார். அதுவும் பொருந்தாவிடத்துப் பிறமொழிச் சொல்லுக்கே தமிழுடை அணிவித்தார், ‘கெமிஸ்தம்’ அவ்வகையினது. அதனை இன்று நாம் இரசாயனவியல் என்கிறோம். தமிழகத்தார் வேதியியல் என்கின்றனர். அவருடைய சொற்கள் பல வழக்கொழிந்தன. ஆயினும் பாதை வெட்டியவனின் கத்தி மழுங்குதல் இயல்பே, பாதை நிலைத்தது.

1873 இற் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார்; 1884 இற் காலமானார். அவர் போனபின் தமிழ் மருத்துவ வகுப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஒரு தனிமனிதரின் ஊக்கத்தில் நின்ற பணி அவரோடு தளர்ந்தது. இலண்டனிலோ பரடேக்குப் பின்னும் நத்தார்ச் சொற்பொழிவுகள் தொடர்ந்தன. அங்கே ஒரு கழகம் அவற்றைத் தாங்கி நின்றது. இரண்டாம் உலகப் போர் காலத்துச் சில ஆண்டுகள் நீங்கலாக அவை இந்நாள்வரை நடைபெற்று வருகின்றன. இவ்வேற்றுமையிற் சங்கங்கள் கற்கவேண்டிய பாடம் உண்டு. அறிஞர் வருவர், போவர். அவரை அழைத்து மேடையிட்டுக் கேட்கும் அமைப்பு நிலைத்தால் மட்டுமே பணி நிலைக்கும்.

நம்மவர் ஏந்திய விளக்கு

கிறீன் விட்ட இடத்தைத் தமிழுலகம் பின்னர்த் தொட்டது. அதில் நம் நாட்டுக்குப் பெருமை தருபவர் விபுலாநந்த அடிகள். காரைதீவிற் பிறந்த அவர் துறவியும் தமிழறிஞருமாகவே பலரால் அறியப்படுகின்றார். ஆனால் அவர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரி; யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர்; கிறீன் பணிசெய்த அதே மானிப்பாயில் இந்துக் கல்லூரியின் அதிபராக 1920 இல் அமர்ந்தவர். 1936 இற் சென்னையிற் கலைச்சொல்லாக்கத்துக்காகக் கூடிய மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். அதன் பயனாகக் கலைச்சொற்றொகுதி 1938 இல் வெளிவந்தது. பின்னர் 1950 களில் நமது அரசகரும மொழித் திணைக்களமும் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட, நம் பிள்ளைகள் பௌதிகமும் இரசாயனமும் உயிரியலும் தமிழிலேயே கற்கும் நிலை வந்தது.

சொல் வந்துவிட்டது, நூல் வந்துவிட்டது. ஆயினும் வகுப்பறைத் தமிழ் இன்னும் கிணற்றடிக்கு வந்து சேரவில்லை. 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் சுன்னாகத்தைச் சூழ்ந்த ஊர்களிற் கிணற்று நீரில் எண்ணெய்க் கழிவு கலந்துள்ளதென்ற அச்சம் எழுந்ததை நாம் மறக்கவில்லை. அறிக்கைகள் பல வந்தன. அவை ஒன்றோடொன்று முரணின. ஒரு தாய் கேட்ட வினா மிகச் சிறியது: “இந்தத் தண்ணியைப் பிள்ளைக்குக் குடுக்கலாமோ?” அதற்கு அவளுக்கு விளங்கும் சொல்லில், இவ்வளவு அறிந்தோம், இவ்வளவு இன்னும் அறியவில்லை, அதுவரை இப்படிச் செய்யுங்கள் என்று முன்வந்து கூறுவோர் அரியராயினர். அறியாததை அறியவில்லை என்று சொல்லுதலும் அறிஞன் கடனே. அங்ஙனஞ் சொல்லாதவிடத்து வதந்தி அரியணை ஏறுகின்றது. 2020 இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோதும் இதனையே கண்டோம். தமிழில் எடுத்துரைக்க முன்வந்த வைத்தியரின் ஒரு பேச்சு, நூறு துண்டுப்பிரசுரங்கள் செய்யாததைச் செய்தது.

நாம் செய்யத்தக்கது

இளைஞரே, மூத்தோரே! பரடேயையும் கிறீனையும் புகழ்ந்து அமைவதற்காக இவற்றை எழுதவில்லை. நம்மாற் செய்யத்தக்கது உண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நன்னீர், சுண்ணக்கற் பாறையினுள்ளே கடலின் உப்பு நீர்மேல் மிதந்து நிற்பது. இதனை நீரியல் அறிஞர் அறிவர். பொறி வைத்து இரவுபகலாக நீர் இறைப்பவர் பலர் அறியார். ஒரு கண்ணாடிச் சாடியில் நிறமூட்டிய உப்பு நீரை இட்டு, அதன்மேல் மெல்ல நன்னீரை வார்த்து, ஒரு குழாயால் மேலுள்ளதை உறிஞ்சிக் காட்டினாற் போதும். மிகையாக இறைத்தால் உவர் மேலேறும் என்பதைப் பத்து வயதுச் சிறுவனும் கண்டுகொள்வான். பரடேயின் மெழுகுதிரி போல, நமக்கு இந்தச் சாடி.

சங்கந்தோறும் மாதத்தில் ஒரு மாலை இதற்கென ஒதுக்கப்படுக. நம்மூரிலேயே வைத்தியர் உளர், பொறியியலாளர் உளர், விவசாயப் போதனாசிரியர் உளர், தாதியர் உளர், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் நம் பிள்ளைகள் உளர். அவரை அழைப்போம். மாலையும் பொன்னாடையும் வேண்டா. கையில் ஒரு பொருளோடு வந்து, தமிழில், ஒரு மணி நேரத்துள் விளக்குமாறு கேட்போம். மூத்தோர் முன்வரிசையில் அமர்ந்து, விளங்காதவிடத்து விளங்கவில்லை என்று தயங்காது சொல்லட்டும். அச்சொல்லே பேசுவோர்க்கு வழிகாட்டும் அட்டை. இளைஞர் கேட்டதை எழுதிவைக்கட்டும். புத்தகங் கட்டிய பையனும் எழுதிவைத்தே உயர்ந்தான்.

கற்றோர்க்குச் சொல்லுதல் கடன். மற்றோர்க்குக் கேட்டல் கடன். இவ்விரு கடனும் நம் ஊர்களிற் தவறாது இறுக்கப்படுமாக.